கொட்டியாரக் குடாவும் கடலடி ஒலியும்

மூதூர்க் கரையில் நிற்போருக்குக் கொட்டியாரக் குடா எங்கும் ஒருதன்மைத்தான நீர்ப்பரப்பாகவே தோன்றும். அதன் அடித்தளமோ அத்தகையதன்று. குடாவினுள்ளே தொடங்கும் ஆழ்பள்ளத்தாக்கு ஒன்று, வெளிக்கடலை நோக்கிச் சரிந்து, 3,000 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தை அடைகின்றது.

கடல்நீரில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1,500 மீற்றர் செல்லும்; இது காற்றிற் செல்லும் வேகத்தின் நான்கு மடங்கினும் மிகுதி. அவ்வொலி நீரின் மேற்பரப்பிலும் அடித்தளத்திலும் மாறிமாறி மோதித் தெறிக்கும்போது, அடித்தளத்தின் சாய்வு அதன் போக்கை மாற்றுகின்றது. சாய்வு 2 பாகை எனக் கொள்வோம். கரைநோக்கி வரும் ஒலிக்கதிர், அடித்தளத்தில் மோதுந்தோறும் 4 பாகை நிமிரும். மோதல்கள் பெருக, அதன் வலுவை மணலும் சேறும் உறிஞ்சும். எஞ்சியது ஈற்றில் கடல்நோக்கித் திரும்பும். ஆழத்தை நோக்கிச் செல்லும் கதிரோ மோதல்தோறும் 4 பாகை படிந்து, கிடையாகி, நெடுந்தொலைவு செல்லும். ஆகவே சரிவானது கடலொலியைத் தடுத்து, கரையொலியை வழியனுப்பி வைக்கின்றது.

இஃது ஏட்டுக்கணக்கு மாத்திரமன்று. திருகோணமலைக் கடலில் உலவும் நீலத்திமிங்கிலங்களின் குரல் பெரிதும் தாழ்ந்த அதிர்வுகளைக் கொண்டது. பெருங்கப்பல்களின் இரைச்சலிலும் அத்தகைய தாழ்ந்த ஒலியே மிகுதி. அவ்விரைச்சல் சரிவின்வழி ஆழ்கடலுட் பரவுமாயின், திமிங்கிலத்தின் குரல் அதில் அமிழ்ந்துபோகும். எனவே, கப்பல்களுக்கு வழியும் வேகமும் வகுப்போர் நீர்ப்பரப்போடு அதன் அடித்தளத்தையும் அறிந்திருத்தல் வேண்டும்.