நீச்சல் குளத்தில் படியும் நுண்தூசி
போக்குவது எப்படி?

நீச்சல் குளத்தின் அடியில், மாவு தூவியது போல் தூசி படிகிறது. கூட்டினால் புகையாய் எழும்புகிறது. மறுநாள் மீண்டும் படிகிறது!

இது ஆபத்து. தண்ணீர் கலங்கியிருந்தால், மூழ்கிய குழந்தை காவலர் கண்ணில் படாது. அடியிலுள்ள வடிகால் மூடி கரையிலிருந்து தெரியாவிட்டால், யாரையும் இறங்க விடக்கூடாது.

வடிகட்டி இருக்கிறதே, அது என்ன செய்கிறது? பெரும்பாலும் அது மணல் வடிகட்டி. மில்லிமீட்டரில் 1,000-ல் ஒரு பங்கு, மைக்ரான். சுமார் 20 மைக்ரானுக்குக் குறைந்த தூசி மணல் இடுக்கில் நழுவி, குளத்துக்கே திரும்பிவிடும். தலைமுடியின் பருமனே சுமார் 70 மைக்ரான்தான்!

இதற்குக் கைகண்ட மருந்து உண்டு. கலங்கிய குடத்துத் தண்ணீரில் பெண்கள் சுற்றிவிடும் படிகாரத்தின் இனம்தான் அது. நுண்துகள்கள் ஒன்றையொன்று விலக்கும் மின்தன்மை உடையவை. படிகாரம் அந்த விலக்கத்தைப் போக்குகிறது. துகள்கள் பஞ்சு போல் திரண்டு, கனத்து, கீழே இறங்கிவிடும்.

மாலையில் அளவோடு கரைத்து ஊற்றிக் கலக்கி, பிறகு பம்பை நிறுத்தவேண்டும். இரவு முழுதும் தண்ணீர் அசையக்கூடாது. காலையில் உறிஞ்சு குழாயை மெல்ல மெல்ல நகர்த்த வேண்டும்.

பலர் தவறுவது இங்கேதான். உறிஞ்சிய தண்ணீரை வடிகட்டிக்குள் விடக்கூடாது. வெளியே விட்டுவிட வேண்டும். தண்ணீர் வீணாகிறதே என்று கஞ்சத்தனம் பார்த்தால், அத்தனை தூசியும் திரும்ப வந்து சேரும்!