அலை உடையும் இடத்தில்

தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மலாக்கா நீரிணை குறுகலானது. அதன் மறுபுறத்தில் சுமத்ரா தீவு மதில்போல் நிற்கிறது. கிழக்குக் கரையின் நிலை வேறு. அங்கே தென் சீனக் கடல் பரந்து விரிந்து கிடக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று, அந்த நீர்ப்பரப்பின் மீது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் தடையின்றி வீசி அலைகளை வளர்க்கிறது. அந்த மாதங்களில் பகாங் மாநிலத்தின் செராத்திங் கடற்கரைக்கு அலைச்சறுக்கு வீரர்கள் தேடி வருகின்றனர். அதே மாதங்களில் பெர்ஹெந்தியான், ரெடாங் போன்ற தீவுகளில் தங்குவிடுதிகள் பல மூடப்படுகின்றன.

பருவக்காற்று உச்சத்தில் இருக்கும்போது சிறு படகுகள் கடலுக்குச் செல்லாமல் இருப்பதே நல்லது. ஆயினும், அது தொடங்கும் வாரங்களிலும் ஓயும் வாரங்களிலும் கரையோரத்தில் அலைகள் எழுந்துகொண்டே இருக்கும். கயாக் படகில் மீன்பிடிக்கச் செல்பவர் அந்த அலைகளைக் கடந்துதான் ஆழமான நீரை அடைய வேண்டும். மீனைப் பிடித்த பிறகு அதே அலைகளைக் கடந்துதான் கரை சேர வேண்டும். அலைகள் உடையும் அந்தப் பகுதி சில பத்து மீட்டர் அகலமே இருக்கலாம். ஆனால், படகோட்டியின் திறமையும் பொறுமையும் சோதிக்கப்படும் இடம் அதுதான்.

கயாக், ஆர்க்டிக் பகுதியில் வாழும் இனுயிட் மக்களும் அவர்களின் அண்டை இனத்தவரும் வேட்டைக்காகச் செய்த படகு. மரத்தாலும் எலும்பாலும் சட்டம் அமைத்து, அதன்மேல் கடல்நாயின் தோலைப் போர்த்தி அதை உருவாக்கினர். இன்று மீன்பிடிக்கப் பயன்படும் கயாக் படகுகளில் பல நெகிழியால் ஆனவை. படகோட்டி உள்ளே நுழைந்து அமராமல் அதன் மேற்பரப்பிலேயே அமர்கிறார். மேற்பரப்பிலிருந்து அடிப்புறம் வரை சில துளைகள் உள்ளன. மேலே விழும் அலைநீர் அவற்றின் வழியே தானாகவே வடிந்துவிடும்.

இந்த அமைப்பு தமிழருக்குப் புதியதன்று. சோழமண்டலக் கடற்கரை மீனவர்கள் பயன்படுத்திய கட்டுமரமும் இதே தத்துவத்தில் அமைந்ததுதான். மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்துச் செய்யப்படும் கட்டுமரத்தில் நீர் தேங்குவதற்கு இடமே இல்லை. அலைநீர் இடுக்குகளின் வழியே வழிந்தோடிவிடும். சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், கப்பல்கள் கரையிலிருந்து விலகியே நங்கூரமிட்டன. கொந்தளிக்கும் அலைகளைத் தாண்டி அக்கப்பல்களுக்குச் செய்தி கொண்டு சென்றவர்கள் கட்டுமரக்காரர்களே. ஆங்கிலத்தில் வழங்கும் ‘கட்டமரான்’ என்னும் சொல்லும் கட்டுமரத்திலிருந்து பிறந்ததாகும்.

அலையைக் கடப்பதற்கு முன் அதன் இயல்பை அறிய வேண்டும். ஆழ்கடலில் அலை நகரும்போது நீர் அதனுடன் வெகுதூரம் நகர்வதில்லை. இருந்த இடத்திலேயே சுழன்று மேலும் கீழும் அசைகிறது. கரையை நெருங்கும்போது அலையின் அடிப்பகுதி கடலடித் தரையை உணர்ந்து வேகம் குறைகிறது. மேற்பகுதியோ முன்னேறத் துடிக்கிறது. இறுதியில் அலை நிமிர்ந்து, தலைகுப்புற விழுந்து உடைகிறது. ஒரு மீட்டர் உயர அலை, ஏறத்தாழ 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். ஒரு கன மீட்டர் கடல்நீரின் எடை ஆயிரம் கிலோகிராமுக்கும் அதிகம். உடையும் அலையின் முன் மனித வலிமை எம்மாத்திரம்?

ஆகவே, அனுபவமுள்ள படகோட்டி கரைக்கு வந்தவுடன் படகை நீரில் இறக்குவதில்லை. பதினைந்து, இருபது நிமிடங்கள் கடலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. பெரிய அலைகள் சில கூட்டமாக வந்து உடையும். அதன்பின் சிறிது நேரம் கடல் தணியும். அந்த இடைவெளி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை அவர் கணக்கிடுகிறார். அலை உடையாமல் அமைதியாகத் தோன்றும் இடங்களையும் கவனிக்கிறார். கரையில் குவிந்த நீர் கடலுக்குத் திரும்பும் இழுவை நீரோட்டம் அங்கே ஓடக்கூடும். நீந்துபவரை அது கடலுக்குள் இழுத்துச் செல்லும். கைதேர்ந்த படகோட்டிகள் சில வேளைகளில் அதையே வெளியேறும் வழியாகப் பயன்படுத்துவர். ஆனால், புறப்பட உதவும் அதே நீரோட்டம் திரும்பும்போது தடையாகிவிடும்.

அடுத்தது ஆயத்தம். உயிர்காப்பு அங்கியை இறுக அணிய வேண்டும். தூண்டில் கோல்களைப் படகின் உள்ளறையில் வைக்க வேண்டும் அல்லது படுக்கவைத்துக் கட்ட வேண்டும். தூண்டில் முட்கள் வெளியே தெரியக்கூடாது. படகு கவிழ்ந்தால் பறக்கும் ஒரு முள்ளும், காலில் சுற்றும் ஒரு தளர்ந்த கயிறும் பேராபத்தை விளைவிக்கும். உள்ளறையின் மூடி நன்கு மூடப்பட்டிருக்க வேண்டும்.

புறப்படும்போது படகின் முன்முனை அலைகளை நேராக நோக்கியிருக்க வேண்டும். படகோட்டி முழங்கால் அளவு நீரில் படகின் பக்கவாட்டில் நின்று காத்திருக்கிறார். பெரிய அலைக்கூட்டம் உடைந்து முடிந்ததும் ஏறி அமர்ந்து, தாமதமின்றித் துடுப்பு வலிக்கிறார். எதிரே அலை வரும்போது அச்சத்தால் கையை நிறுத்துவது புதியவர்கள் செய்யும் தவறு. வேகம் இழந்த படகை அலை பின்னுக்குத் தள்ளிப் பக்கவாட்டில் திருப்பிவிடும். பக்கவாட்டில் திரும்பிய படகு எளிதில் கவிழும். அதனால், உடலைச் சற்று முன்னால் சாய்த்து, அலை மோதும் கணத்திலும் துடுப்பை நீரில் அழுத்தி முன்னேற வேண்டும். அலைகள் உடையும் பகுதியைத் தாண்டிய பிறகுதான் ஓய்வு.

கரை திரும்புவது இதைவிடக் கடினம். போகும்போது அலை கண்ணெதிரே வரும். திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் வரும். வேகமாக வரும் அலையின் முன்சரிவில் படகு சிக்கினால், முன்முனை நீரில் குத்தும். பின்முனை சுழன்று படகைக் குறுக்காக்கும். எனவே, படகோட்டி அலைகள் உடையும் பகுதிக்கு வெளியே நின்று, பொருள்களை மீண்டும் கட்டிவைத்து, அலைக்கூட்டம் கடந்துபோகக் காத்திருக்க வேண்டும். கடைசிப் பெரிய அலை தம்மைக் கடந்ததும் அதன் முதுகைப் பின்தொடர்ந்து செல்ல வேண்டும். அலையை ஓட்டப் பந்தயத்தில் முந்த நினைக்கக்கூடாது. பின்னால் இன்னோர் அலை எழுந்தால், துடுப்பைப் பின்னோக்கி வலித்து அதை முன்னே போகவிட வேண்டும்.

இவ்வளவு கவனத்திற்குப் பிறகும் படகு குறுக்காகத் திரும்பிவிடலாம். அப்போது கரையின் பக்கம் சாய்வது இயல்பு; ஆனால் அது தவறு. அலை வரும் பக்கமாகவே சாய்ந்து, துடுப்பை அந்த நுரையின் மேல் ஊன்ற வேண்டும். படகு கவிழ்ந்துவிட்டால், படகுக்கும் கரைக்கும் இடையில் ஒருபோதும் நிற்கக்கூடாது. நீர் நிறைந்த படகை அடுத்த அலை தூக்கி வீசும்போது, இடையில் நிற்பவரின் காலோ இடுப்போ நொறுங்கக்கூடும். எப்போதும் கடலின் பக்கமாகவே இருக்க வேண்டும். தூண்டிலும் மீனும் போனால் போகட்டும்.

உண்மையில், மிக முக்கியமான முடிவு கடலில் எடுக்கப்படுவதில்லை, கரையில் எடுக்கப்படுகிறது. காலையில் தணிந்திருக்கும் கடல், பிற்பகலில் கடற்காற்று வலுத்ததும் பொங்கக்கூடும். காலையில் அலை உடையாத மணல்மேட்டின் மேல், நீர்மட்டம் இறங்கியதும் அலைகள் உடையக்கூடும். கையில் வலு மிகுந்திருக்கும் காலையில் கடந்ததைவிடப் பெரிய அலைகளை, களைத்துப்போன பிற்பகலில் கடக்க நேரிடும். எனவே, ‘இப்போது என்னால் போக முடியுமா?’ என்று கேட்பது போதாது. ‘சில மணி நேரம் கழித்து என்னால் திரும்ப முடியுமா?’ என்றும் கேட்க வேண்டும். மலேசிய வானிலை ஆய்வுத் துறை வெளியிடும் பலத்த காற்று, கொந்தளிப்பான கடல் பற்றிய எச்சரிக்கைகளைப் பார்ப்பதும், செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாரிடம் சொல்லிவைப்பதும், தனியே செல்லாதிருப்பதும் இக்கேள்விக்கு விடை காண உதவும்.

கடலுக்குள் போவது ஒருவரின் விருப்பம். கரைக்குத் திரும்புவது கட்டாயம். இருபது நிமிடங்கள் அலைகளைப் பார்த்துவிட்டு, படகை மீண்டும் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்புபவர் அன்று மீன் பிடிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால், அவர் கடலை நன்கு படித்தவர்.