முன் கண்ணாடியை மாற்றினால் ஸ்டியரிங் இழுக்குமா?

இங்க்ஜெட் பிரிண்டரில் புதிய கார்ட்ரிட்ஜ் ஒன்றைப் பொருத்தியவுடன், அலைன்மெண்ட் பக்கம் ஒன்றினை அச்சிடட்டுமா எனப் பிரிண்டர் கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். பலர் அவசரத்தில் கேன்சல் பட்டனை அழுத்திவிடுவார்கள். பின்னர் எழுத்துக்கள் இரட்டையாக விழும்; கோடுகள் ஒடிந்து தெரியும். ஒரு தாள் வீணாகும், அவ்வளவு தான். இதே வேலை இப்போது காருக்கும் வந்துவிட்டது. அங்கே அதனைச் செய்யாமல் விட்டால் வீணாவது தாள் அல்ல.

சேலத்தில் இருக்கும் என் அக்காவின் கணவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். நெடுஞ்சாலையில் லாரி டயரிலிருந்து தெறித்த கல் பட்டு, அவருடைய காரின் முன் கண்ணாடி விரிசல் விட்டது. வீட்டருகே இருந்த ஒரு கடையில் புதிய கண்ணாடி போட்டுக் கொண்டார். இரண்டு வாரம் கழித்து அக்காவையும் பையனையும் அழைத்துக் கொண்டு கிருஷ்ணகிரிக்குச் சென்ற போது, வண்டி தன் பாதையின் நடுவில் ஓடிக் கொண்டிருந்தும், வலது கோட்டைத் தாண்டுவதாக நினைத்து ஒலி எழுப்பி, ஸ்டியரிங்கைத் தானாக இடப்பக்கம் திருப்பியது. அந்த நேரத்தில் இடப்பக்கம் ஒரு பஸ் முந்திக் கொண்டிருந்தது. மாமாவின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்ததால் தப்பித்தார்கள்.

வீல் அலைன்மெண்ட் கோளாறு என்று நினைத்து இரண்டு கடைகளில் இரண்டு முறை பணம் கட்டினார். பயனில்லை. பின்னர் என்னிடம் போனில் சொன்ன போது, அலுவலகத்தில் புரோகிராம் தகராறு செய்தால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வியைத் தான் கேட்டேன். “கடைசியா எதை மாத்தினீங்க மாமா?” “ஒண்ணும் மாத்தலையேப்பா, கண்ணாடி மட்டும் தான்” என்றார். விடை அதில் தான் இருந்தது.

காருக்குள் ஒரு நெட்வொர்க்

கம்ப்யூட்டர் என்றால் மேஜை மேல் இருப்பது மட்டும் தான் என எண்ண வேண்டாம். இன்றைய காரில் இஞ்சின், பிரேக், ஸ்டியரிங், ஏர் பேக் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சிறிய கம்ப்யூட்டர்கள் உள்ளன. அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைப்பது போல, இவை ‘கேன்’ எனப்படும் அமைப்பின் வழியே பேசிக் கொள்கின்றன. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் இதனை 1986ல் அறிமுகப்படுத்தியது.

இந்த நெட்வொர்க்கில் பின்னர் சேர்ந்தவை தான் ஓட்டுநருக்கு உதவிடும் வசதிகள். சுருக்கமாக ஏ.டி.ஏ.எஸ். என்பார்கள். இந்தியாவில் 2021ல் வெளியான எம்.ஜி. ஆஸ்டர், மஹிந்திரா எக்ஸ்.யூ.வி. 700 போன்ற கார்கள் இவற்றைப் பலருக்கும் அறிமுகப்படுத்தின. முன் கண்ணாடியின் உள்பக்கம், ரியர் வியூ கண்ணாடிக்கு அருகே ஒரு கேமரா இருக்கும். இது சாலைக் கோடுகளையும் வண்டிகளையும் பார்க்கும். முன் பக்கம் கிரில் அல்லது பம்பருக்குப் பின்னால் ரேடார் இருக்கலாம். இது எதிரே உள்ளதன் தூரத்தையும் வேகத்தையும் அளக்கும். இவை தரும் தகவல்களை வைத்துத் தான் கம்ப்யூட்டர் பிரேக் பிடிக்கிறது, ஸ்டியரிங்கைத் திருப்புகிறது.

கம்ப்யூட்டர் பற்றி ஒன்று சொல்வார்கள். உள்ளே தவறான தகவல் போனால், வெளியே தவறான விடை தான் வரும். காருக்கும் இது பொருந்தும்.

ஒரு டிகிரி என்ன செய்யும்?

கேமரா ஒரு டிகிரி மட்டும் திரும்பி இருப்பதாக வைத்துக் கொள்வோம். கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் 100 மீட்டர் தூரத்தில் அந்த ஒரு டிகிரி 1.75 மீட்டராக வளர்ந்துவிடும். நம் நெடுஞ்சாலைகளில் ஒரு லேனின் அகலம் பொதுவாக 3.5 மீட்டர். அதாவது, பாதி லேன் தள்ளிப் பார்க்கிறது உங்கள் கார்.

எனவே தான் கண்ணாடியைக் கழற்றி மாற்றினால், கேமராவுக்கு மீண்டும் நேர் எது எனக் கற்றுத் தர வேண்டும். இதனைக் காலிபரேஷன் என்கிறார்கள். சில கார்களுக்கு, குறிப்பிட்ட தூரத்தில் கட்டம் போட்ட அட்டைகளை நிறுத்திச் செய்வார்கள். சிலவற்றிற்கு ஸ்கேனரை இணைத்து, கோடுகள் தெளிவாக உள்ள சாலையில் ஓட்டிச் செய்வார்கள். இரண்டும் தேவைப்படும் கார்களும் உண்டு. மாமாவின் காரில் சர்வீஸ் சென்டரில் இதனைச் செய்தவுடன் பிரச்னை தீர்ந்தது. கண்ணாடி போட்ட கடையில் யாரும் இது பற்றிச் சொல்லவில்லை. டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. விளக்கு எரியவில்லை என்பதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இழுப்பது சக்கரமா, சாப்ட்வேரா?

கார் ஒரு பக்கம் இழுத்தால், கீழ்க்கண்ட வரிசையில் சோதித்துப் பாருங்கள்.

1. நான்கு டயர்களிலும் காற்றின் அளவைப் பாருங்கள். ஒரு பக்கம் குறைந்திருந்தாலே வண்டி அந்தப் பக்கம் போகும்.

2. மழை நீர் வடிவதற்காகச் சாலைகள் ஓரத்தை நோக்கிச் சரிவாக அமைக்கப்படுகின்றன. எனவே வண்டி லேசாக இடப்பக்கம் நகர்வது இயல்பே. சமதளமான சாலையில் சோதியுங்கள்.

3. மெனுவிற்குச் சென்று லேன் உதவி வசதியை நிறுத்திவிட்டு, வண்டி நடமாட்டம் இல்லாத நேர்ச் சாலையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க வேண்டாம். வசதியை நிறுத்திய பின்னும் இழுத்தால், டயரிலோ அலைன்மெண்டிலோ கோளாறு இருக்கலாம். வசதி இயங்கும் போது மட்டும் இழுத்தால், கேமராவைச் சந்தேகியுங்கள்.

4. அலைன்மெண்ட் செய்தால், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளின் பிரிண்ட் அவுட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் மூன்று பெயர்கள் இருக்கும். டோ என்பது சக்கரங்களின் முன் முனைகள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு. கேம்பர் என்பது சக்கரத்தின் மேல் பகுதி உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருக்கும் அளவு. காஸ்டர் என்பது ஸ்டியரிங் அச்சின் முன்-பின் சாய்வு. டோ தவறினால் டயர் சீக்கிரம் தேயும்.

5. அலைன்மெண்டிற்கும் கம்ப்யூட்டருக்கும் உறவு உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதைச் சொல்ல ஒரு சென்சார் உள்ளது. அலைன்மெண்டின் போது ஸ்டியரிங்கின் நடு நிலை மாறினால், பல கார்களில் அந்த சென்சாருக்கும் புதிய பூஜ்ஜியத்தைச் சொல்லித் தர வேண்டும். பின் சக்கரங்களின் திசையை மாற்றினால் கேமரா, ரேடார் காலிபரேஷனும் தேவைப்படலாம்.

கல் பட்ட பெயிண்ட்

கல் கண்ணாடியை மட்டும் தாக்குவதில்லை. பானெட்டிலும் பம்பரிலும் புள்ளி புள்ளியாகப் பெயிண்டைப் பெயர்க்கும். இரண்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம்.

பானெட் பெரும்பாலும் இரும்புத் தகடு. கம்பெனியில் அடிக்கப்படும் பெயிண்ட் அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் கனம் தான். அதாவது ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். அது பெயர்ந்து இரும்பு வெளியே தெரிந்தால் துரு பிடிக்கும். எனவே தள்ளிப் போடாதீர்கள். கதவுத் தூணிலோ பானெட்டின் அடியிலோ உள்ள தகட்டில் பெயிண்ட் கோடு எண் இருக்கும். அதனைக் கூறி டச் அப் பெயிண்ட் வாங்கலாம். இடத்தைக் கழுவி உலர வைத்து, துரு இருந்தால் தேய்த்து நீக்கி, பிரைமர், வண்ணம், கிளியர் கோட் என ஒவ்வொன்றையும் மெல்லியதாக வைத்து உலர விடுங்கள். ஒரே முறையில் தடிமனாக வைத்தால் பொட்டு வைத்தது போல் தெரியும்.

பம்பர் பிளாஸ்டிக், துரு பிடிக்காது. ஆனால் அதன் பின்னால் ரேடார் இருக்கலாம். 77 கிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்கும் ரேடாரின் அலை நீளம் சுமார் 4 மில்லி மீட்டர் தான். டிங்கரிங் கடையில் பட்டி பூசி, அதன் மேல் பெயிண்ட் அடித்தால், அந்தத் தடிமன் அலையைச் சிதறச் செய்யலாம். மெட்டாலிக் பெயிண்டில் உள்ள அலுமினியத் துகள்களும் அலையைத் தடுக்கும். பல கார்களில் பின் பம்பரின் மூலைகளிலும் ரேடார் உண்டு. எனவே பம்பரைத் தரும் முன், ரேடார் எங்கே உள்ளது என்பதைக் காரின் கையேட்டில் பார்த்து, அந்த இடத்தில் பட்டி வேண்டாம் எனச் சொல்லிவிடுங்கள்.

இரும்பு பம்பர் கார்டு பொருத்தும் ஆசையையும் விட்டுவிடுங்கள். ரேடாரை மறைப்பதோடு, அது சட்ட விரோதம் என 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியுள்ளது. ஆயுத பூஜை அன்று கிரில்லில் கட்டும் மாலையும், கண்ணாடியில் கேமராவுக்கு எதிரே வைக்கும் சந்தனப் பொட்டும் கூடக் காரின் கண்ணை மறைக்கும். பொட்டைச் சற்றுத் தள்ளி வைக்கலாம். மாலையை வண்டி எடுக்கும் முன் கழற்றிவிடலாம்.

எல்லாம் சரியாக இருந்தாலும்

காலிபரேஷன் சரியாக இருந்தாலும் இந்த வசதிகளுக்குச் சில குணங்கள் உண்டு. அழித்துப் போட்ட பழைய கோடுகளையும், விரிசலில் ஊற்றிய தார்க் கோடுகளையும் லேன் என நினைக்கலாம். முன்னால் செல்லும் கார் திடீரென விலகி, அதற்கு முன்னே லாரி ஒன்று நின்றிருந்தால், அதனைக் கண்டுகொள்ளாமல் போகலாம். எதுவும் இல்லாத இடத்தில் பிரேக் பிடிப்பதும் உண்டு. அமெரிக்காவில் இது குறித்து 354 புகார்கள் வந்ததால், சுமார் 4 லட்சத்து 16 ஆயிரம் டெஸ்லா கார்கள் மீது அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2022 பிப்ரவரியில் விசாரணையைத் தொடங்கியது.

லெவல் 2 என்று விளம்பரத்தில் படித்திருப்பீர்கள். எஸ்.ஏ.இ. அமைப்பு 2014ல் வெளியிட்ட வகைப்பாடு இது. லெவல் 2 வரை காரை ஓட்டுபவர் நீங்கள் தான், கம்ப்யூட்டர் அல்ல.

கடையில் கேட்க வேண்டியவை

கண்ணாடி, பம்பர், சக்கரம் எதில் கை வைத்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த வேலைக்குப் பின் காலிபரேஷன் தேவையா? அதனை இங்கேயே செய்வீர்களா? செய்ததற்கு அறிக்கை தருவீர்களா? இன்சூரன்ஸில் செய்வதாக இருந்தால், காலிபரேஷன் கட்டணமும் அதில் சேருமா என முன்பே கேட்டுவிடுங்கள். ஒரு சிறிய நோட்டில், எந்தத் தேதியில் எதை மாற்றினோம் என எழுதி வையுங்கள். கம்ப்யூட்டரில் புதிய புரோகிராம் போட்ட நாளைக் குறித்து வைப்பது போலத் தான்.

மாமா இப்போது அப்படி ஒரு நோட்டை டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருக்கிறார். முதல் வரியில் இருப்பது கண்ணாடி மாற்றிய தேதி.