காலத்தில் முடிக்கும் கணக்கு

நமது சங்கங்களின் பணமுடையைப் பற்றியும் கிடங்கு வசதிக் குறைவைப் பற்றியும் நிர்வாகக் குழுக் கூட்டங்களில் அடிக்கடி பேசப்படுகிறது. காலமுடையைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தீபாவளிக்கு முன் விற்பனை நிலையத்தை அடைய வேண்டிய சேலை, பண்டிகை கழிந்து வந்து சேருமானால் அடுத்த ஆண்டு வரை இருப்புப் பதிவேட்டில் நிற்கிறது. அதில் முடங்கிய பணத்திற்கு வங்கியின் வட்டி ஏறுகிறது. பாவு வராமல் தறியடியில் காத்திருந்த நெசவாளருக்கோ அந்த நாட்களின் கூலி போனது போனதுதான்.

தாமதம் எங்கே நேர்ந்தது என்று கேட்டால், சாயப்பட்டறை நூற்பாலையைச் சுட்டும்; நூற்பாலை பணம் வந்த தேதியைச் சுட்டும். ஒவ்வொருவர் கூற்றிலும் ஓரளவு உண்மை இருக்கும். எந்தத் தாமதம் சரக்கைத் தாமதப்படுத்தியது, எது படுத்தவில்லை என்று பிரித்தறியும் வழி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதற்குக் ‘கிரிட்டிகல் பாத் மெதட்’ என்று பெயர். நாம் அதை ‘நிர்ணயப் பாதை முறை’ என்று வழங்கலாம்.

முறை பிறந்த வரலாறு

அமெரிக்காவின் டூபான்ட் ரசாயனக் கம்பெனியைச் சேர்ந்த மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்ட் கம்பெனியைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் 1957ஆம் ஆண்டை ஒட்டி இம்முறையை உருவாக்கினர். லூயிவில் நகரிலிருந்த டூபான்ட் ஆலையில், பழுதுபார்ப்பதற்காக இயந்திரங்களை நிறுத்தி வைக்கும் காலம் சராசரி 125 மணி நேரமாக இருந்தது. இம்முறைப்படி வேலைகளை வரிசைப்படுத்திய பின் அது 93 மணி நேரமாகக் குறைந்தது. எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்று ஆராய்ந்ததே இதற்கு முக்கிய காரணம் என 1959இல் அவ்விருவரும் எழுதிய கட்டுரையில் குறிப்பிட்டனர். அன்று அவர்களுக்குப் பெரிய கணிப்பொறி தேவைப்பட்டது. பத்துப் பன்னிரண்டு வேலைகளே உள்ள நமது சங்கத்திற்கு ஒரு தாளும் பென்சிலும் போதும்.

தீபாவளிச் சேலைக் கணக்கு

ஒரு நெசவாளர் சங்கம் புதிய மாதிரியில் பருத்திச் சேலைகள் நெய்து அனுப்புவதாகக் கொள்வோம். அதற்கான வேலைகளும் அவற்றிற்கு வேண்டிய வேலை நாட்களும் பின்வருமாறு:

1. மாதிரி தேர்ந்து அங்கீகாரம் பெறுதல் – 6 நாள்
2. நூல் கொள்முதல் – 12 நாள்
3. சாயப்பொருள் கொள்முதல் – 5 நாள்
4. நூலுக்குச் சாயமேற்றி உலர்த்துதல் – 8 நாள்
5. பாவு ஓட்டிக் கஞ்சி போடுதல் – 6 நாள்
6. ஜக்கார்டு அட்டை குத்தி, கோத்து, தறியில் ஏற்றுதல் – 17 நாள்
7. பாவு பிணைத்தல் – 2 நாள்
8. எல்லாத் தறிகளிலும் நெய்து முடித்தல் – 30 நாள்
9. சரிபார்த்து, மடித்து, விலைச்சீட்டு ஒட்டுதல் – 4 நாள்
10. விலைச்சீட்டு அச்சிடுதல் – 10 நாள்
11. கட்டி அனுப்புதல் – 2 நாள்

இவற்றை அப்படியே கூட்டினால் 102 நாள் வரும். ஆனால் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டியதில்லை. மாதிரி முடிவானதும் நூல், சாயப்பொருள், ஜக்கார்டு அட்டை, அச்சு வேலை ஆகிய நான்கையும் ஒரே நாளில் தொடங்கலாம். ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் நேராக, ‘இதற்கு முன் எது முடிந்திருக்க வேண்டும்?’ என்று எழுதிக்கொள்ள வேண்டும். முன்வேலைகளில் கடைசியாக முடிவது எதுவோ, அந்த நாளிலிருந்துதான் அடுத்த வேலையை எண்ண வேண்டும். கணக்கு முழுவதும் இந்த ஒரு விதியில் அடங்கும்.

6ஆம் நாள் மாதிரி முடிகிறது. சாயப்பொருள் 11ஆம் நாளிலும் நூல் 18ஆம் நாளிலும் வருகின்றன. நூல் வந்த பிறகே சாயமேற்ற முடியும். அது 26ஆம் நாள் முடியும். பாவு 32ஆம் நாளிலும், பிணைப்பு 34ஆம் நாளிலும், நெசவு 64ஆம் நாளிலும், மடிப்பு 68ஆம் நாளிலும் முடிந்து 70ஆம் நாள் சரக்கு புறப்படுகிறது. மாதிரி, நூல், சாயம், பாவு, பிணைப்பு, நெசவு, மடிப்பு, அனுப்புதல் என்ற இந்தத் தொடரே நிர்ணயப் பாதை. இதில் எந்த வேலை ஒரு நாள் பிந்தினாலும் சேலை ஒரு நாள் பிந்தும்.

மற்ற வேலைகளுக்குத் ‘தாங்கும் நாள்’ உண்டு. சாயப்பொருள் 7 நாள் பிந்தினாலும் கேடில்லை. ஜக்கார்டு அட்டை 23ஆம் நாளே தயாராகும்; நெசவு தொடங்கும் 34ஆம் நாள் வரை அது 11 நாள் தாங்கும். விலைச்சீட்டு 16ஆம் நாள் வந்துவிடும். அது தேவைப்படுவதோ 64ஆம் நாள் முடிந்த பிறகுதான். ஆகவே அதற்கு 48 நாள் தாங்கும். அச்சகத்திற்கு நாள்தோறும் ஆளனுப்பிவிட்டு, நூலுக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்கும் சங்கம் தன் உழைப்பை எங்கே செலவிடுகிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

நாளைக் குறைப்பது எப்படி?

அவசரம் என்றால் எல்லோரையும் விரட்டுவது நமது வழக்கம். நிர்ணயப் பாதையில் இல்லாத வேலையைத் துரிதப்படுத்திச் செலவிடும் பணம் வீண். முன்பணத்தைக் காலத்தில் கட்டி, சங்கமே லாரி வைத்து நூலை 7 நாளில் கொண்டுவந்தால் மொத்தம் 65 நாளாகக் குறையும். லாரி வாடகையையும், மிச்சமாகும் 5 நாள் வட்டியையும், நெசவாளர் கூலியையும் ஒப்பிட்டு முடிவு செய்யலாம்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. நூலை 4 நாளிலேயே கொண்டுவந்தாலும் 8 நாள் மிச்சமாகாது. 7 நாளே மிச்சமாகும். ஏனெனில் அப்போது நூலைக் காட்டிலும் சாயப்பொருள் பிந்திவிடும். நிர்ணயப் பாதை அதன் வழியே திரும்பிவிடும். ஆகவே எந்த மாற்றத்தைச் செய்தாலும் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.

நாட்களைச் சொல்ல வேண்டியவர் யார்?

வேலை நாட்களை அலுவலக மேஜையிலிருந்து நிர்ணயிக்கலாகாது. சாயமேற்றுபவரையும் பாவு ஓட்டுபவரையும் கேட்டே எழுத வேண்டும். நிச்சயமற்ற வேலைகளுக்கு, அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்திற்காக 1958இல் வகுத்த ‘பெர்ட்’ முறை உதவும். நூல் மிக விரைவில் 8 நாள், வழக்கமாக 11 நாள், மிகத் தாமதித்தால் 20 நாள் என்றால், வழக்கமான நாளை நான்கால் பெருக்கி மற்ற இரண்டையும் கூட்டி ஆறால் வகுக்க வேண்டும்: 8, 44, 20 சேர்ந்து 72; ஆறில் ஒன்று 12. நமது கணக்கிலுள்ள 12 நாள் அப்படி வந்ததே. வடகிழக்குப் பருவமழையில் நூல் உலராது, தெருவில் பாவு நீட்டவும் இயலாது. அவ்வேலைகள் மழைக்குள் விழுமானால் நாட்களைக் கூட்டியே எழுத வேண்டும்.

வாரம் ஆறு வேலை நாள் வீதம் 70 நாள் ஏறக்குறையப் பன்னிரண்டு வாரம். பண்டிகைக்கு ஒரு மாதம் முன் சரக்கு கடையில் இருக்க வேண்டுமானால், மாதிரித் தேர்வை ஆனிக் கடைசியிலோ ஆடித் தொடக்கத்திலோ தொடங்கியாக வேண்டும். ஆவணியில் கூடி அவசரத் தீர்மானம் போடுவதால் பயனில்லை.

விவசாய அங்கத்தினர்களுக்கு

நாற்றங்காலில் நாற்று ஏறக்குறைய 30 நாள் வளர வேண்டும். தக்கைப்பூண்டு வளர 45 நாள். மடக்கி உழுத பின் மட்க ஒரு வாரம். ஆக 52 நாள். இரண்டும் ஒரே காலத்தில் நடப்பவை. ஆகவே பசுந்தாள் உரமிட்டு நடும் வயலுக்கு விதைநெல் 22 நாள் பிந்தி வந்தாலும் நடவு தள்ளாது. தக்கைப்பூண்டு விதை ஒரு நாள் பிந்தினாலும் தள்ளும். சங்கம் எதை முதலில் கிடங்கில் இறக்க வேண்டும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

ஓர் எச்சரிக்கை

ஒரே ஆள் இரு வேலைகளைச் செய்ய வேண்டியிருந்தால், அவை தாளில் ஒரே நாளில் தொடங்கினாலும் நடைமுறையில் தொடங்கா. சாயத் தொட்டி ஒன்றே இருந்தால் இரு ஆர்டர்கள் அதன்முன் வரிசையில் நிற்க வேண்டியதே. கணக்குப் போடும்போதே இவற்றைக் கவனித்தல் அவசியம். தாங்கும் நாட்கள் சோம்பலுக்காக அளிக்கப்பட்ட விடுமுறையுமல்ல. அவை தீர்ந்ததும் அந்த வேலையும் நிர்ணயப் பாதையில் சேர்ந்துவிடும்.

அடுத்த பருவத்திற்கான திட்டத்தை நிர்வாகக் குழு ஏற்கும் நாளிலேயே, இத்தகைய தாள் ஒன்றைத் தயாரித்துச் சங்க அலுவலகச் சுவரில் ஒட்டுதல் நலம். நிர்ணயப் பாதையிலுள்ள வேலைகளைச் சிவப்பு மையால் எழுதி, முடிந்த தேதியை அவ்வப்போது எதிரில் குறித்துவர வேண்டும். தமது பாவு எந்த நாளில் வரும், வராவிட்டால் எங்கே நிற்கிறது என்பதைக் கடைசித் தறிக்காரரும் அத்தாளைப் பார்த்து அறியலாம். பொதுக்குழுவில் எழுந்து கேட்கவும் செய்யலாம். சங்கம் தம்முடையது என்று அங்கத்தினர் உணர, அந்த உரிமை மிக அவசியம்.