சுருள் மயிர்க் கடுவன் கேர்லி

பூனை என்றதும் எமக்கு நினைவுக்கு வருவது அடுப்படிதான். விடியற்காலையில் சாம்பல் சூட்டில் சுருண்டு கிடக்கும். மீன் வெட்டும்போது காலைச் சுற்றிச் சுற்றி வரும். மற்ற நேரங்களில் யாரையும் கணக்கெடுக்காது. இது என்ன இனம், இதன் தகப்பன் யார், பாட்டன் யார் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

பிரித்தானியாவில் பூனைக்கும் வம்சாவளிப் பதிவு இருக்கிறது. 1910 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பூனை வளர்ப்போரின் ஆட்சிக் கழகம் ஒவ்வோர் இனப் பூனைக்கும் தாய் யார், தந்தை யார் என்று தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்து வருகிறது. அந்தப் பதிவேட்டில் ஓர் இனம் முழுவதற்கும் தலைமகனாக நிற்கும் ஒரு கடுவன் பூனையின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். அதன் பெயர் கேர்லி. வேடிக்கை என்னவென்றால், இந்த உயர்குலத் தலைமகனின் தாய் ஒரு நாதியற்ற தெருப்பூனை. தகப்பனோ ஒருவர் கையிலும் அகப்படாத காட்டுக் கடுவன்.

பாழடைந்த சுரங்கத்தின் அருகே

இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் என்றொரு மாவட்டம் உண்டு. அங்கே பக்பாஸ்ட்லி என்னும் சிறிய ஊருக்குப் பக்கத்தில் கைவிடப்பட்ட வெள்ளீயச் சுரங்கம் ஒன்று இருந்தது. 1950களின் முடிவில் அந்தச் சுரங்கத்தை அண்டி ஒரு விசித்திரமான கடுவன் பூனை திரிந்தது. அதன் உடல் மயிர் செம்மறியாட்டின் மயிரைப் போலச் சுருண்டிருந்தது. பிடிக்க முயன்றும் அது அகப்படவில்லை.

அந்த அயலில் செல்வி பெரில் கொக்ஸ் என்ற பெண்மணி வசித்து வந்தார். அவருடைய வளவின் மூலையில் கறுப்பும் செம்மஞ்சளும் வெள்ளையும் கலந்த ஒரு பெட்டைப் பூனை வந்து குட்டி போட்டது. அது யாருடைய பூனையும் அல்ல. ஆயினும் கொக்ஸ் அதை விரட்டவில்லை. குட்டிகளைப் பார்த்தபோது அவற்றுள் ஒன்று மட்டும் கருநிறமாகவும் உடல் முழுவதும் சுருள் மயிருடனும் இருந்தது. அந்தக் கடுவன் குட்டியை அவர் எடுத்து வளர்த்தார். ஆங்கிலத்தில் சுருள் என்று பொருள்படும் சொல்லைச் சற்று மாற்றி, கேர்லி என்று பெயர் வைத்தார்.

கேர்லி சாதாரணப் பூனையாக வளரவில்லை. இழுத்துக் கட்டிய கயிற்றின் மேல் நடக்கும். மகிழ்ச்சி வந்தால் நாயைப் போல வாலை ஆட்டும். மனிதருடைய வாசம் இல்லாமல் அதற்கு இருக்க முடியாது. காட்டுக் கடுவனின் பிள்ளை இப்படி ஒட்டிக்கொள்ளும் என்று யார் நினைத்தார்கள்!

ஒரு பத்திரிகைப் படம்

1960 ஆம் ஆண்டில் ஒரு நாளிதழில் ஒரு பூனைக்குட்டியின் படம் வெளியானது. கண்காட்சிக்கு வந்த சுருள் மயிர்க் குட்டி அது. நாட்டிலேயே இது ஒன்றுதான் உண்டு என்ற தோரணையில் அந்தச் செய்தி எழுதப்பட்டிருந்தது. கொக்ஸ் அதைக் கண்டார். ஒன்று மட்டும் அல்ல, என் வீட்டிலும் ஒன்று இருக்கிறதே என்று அவர் தெரியப்படுத்தினார்.

அந்தப் படத்துக்குப் பின்னால் வேறொரு கதை இருந்தது. டெவனுக்கு அடுத்துள்ள கோர்ண்வோல் மாவட்டத்தில் 1950 யூலை 21 இல் கலிபங்கர் என்ற சுருள் மயிர்க் கடுவன் பிறந்தது. அதை வளர்த்த பெண்மணி முன்னர் ரெக்ஸ் என்னும் குறுமயிர் முயல்களை வளர்த்தவர். அதனால் இது புதுமையானது என்று உடனே கண்டுகொண்டார். பரம்பரையியல் அறிந்தவர்களின் ஆலோசனைப்படி தாயுடனேயே அதைச் சேர்த்து, மேலும் சுருள் மயிர்க் குட்டிகளைப் பெற்றார். ஆனால் பூனைகள் பெருகப் பெருகச் செலவும் பெருகியது. தாங்க முடியாத நிலையில், 1956 ஆம் ஆண்டளவில் பல பூனைகளை மிருக வைத்தியரிடம் கொடுத்து உயிர் நீக்க வேண்டி வந்தது. கலிபங்கரும் அதில் தப்பவில்லை. எனவே 1960 இல் அந்தச் சந்ததி பிரித்தானியாவில் அருகிப் போயிருந்தது.

அழிந்துகொண்டிருந்த சுருள் மயிர்ப் பூனைகளைக் காப்பாற்ற முயன்றவர்களில் ஒருவர் பிரையன் ஸ்டேர்லிங்-வெப் என்ற பூனை வளர்ப்பாளர். கேர்லியைப் பற்றி அறிந்ததும் அவருக்குப் பெரும் நம்பிக்கை பிறந்தது. புதிய இரத்தம் கிடைத்துவிட்டது, இனி இந்த இனம் தழைக்கும் என்று எண்ணினார். கேர்லியைத் தர முடியுமா என்று கொக்ஸிடம் கேட்கப்பட்டது.

கேர்லி அவருடைய செல்லப் பிராணி. விற்பனைக்கென்று வளர்த்ததல்ல. ஆனாலும் அந்த இனம் நிலைக்க வேண்டும் என்பதற்காக அவர் சம்மதித்தார். இடம்பெயரும் வேளையில் ஆட்டையும் மாட்டையும் பூனையையும் வளவிலே விட்டுவிட்டு வந்தவர்களுக்கு, வளர்த்த சீவனைப் பிரிவது எப்படியானது என்று எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

எதிர்பாராத ஏமாற்றம்

இனவிருத்திக்கென வைத்திருக்கும் கடுவனின் வாழ்க்கை வீட்டுப் பூனையின் வாழ்க்கை போன்றதல்ல. காயடிக்கப்படாத கடுவன் தன் எல்லையைக் காட்ட எங்கும் சிறுநீர் தெளிக்கும். அதன் நெடி இலகுவில் போகாது. ஆகையால் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே தனிக் கொட்டிலும் கம்பிவலை அடைத்த முற்றமும் அமைத்துக் கொடுப்பார்கள். பெட்டைப் பூனை வேட்கை கொள்ளும் காலத்தில் அதன் சொந்தக்காரர் அதைக் கடுவனிடம் கொண்டுவந்து சில நாட்கள் விட்டுச் செல்வார். அதற்குக் கட்டணமும் உண்டு. சுமார் ஒன்பது வாரங்களில் குட்டிகள் பிறக்கும்.

கலிபங்கரின் வழிவந்த சுருள் மயிர்ப் பெட்டைகளுடன் கேர்லி சேர்க்கப்பட்டது. தாயும் சுருள், தகப்பனும் சுருள், ஆகவே குட்டிகளும் சுருளாகவே இருக்கும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பிறந்த குட்டிகள் யாவும் நேர் மயிர்க் குட்டிகள்! மறுபடியும் முயன்றார்கள். மறுபடியும் நேர் மயிர்தான்.

காரணம் பின்னரே தெளிவானது. குட்டி ஒவ்வொரு பரம்பரை அலகையும் தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பெறுகிறது. சுருள் மயிர் வெளியே தெரிய வேண்டுமானால் இரண்டுமே சுருளுக்குரியவையாக இருக்க வேண்டும். கலிபங்கரின் சுருள் ஓர் அலகினால் வந்தது. கேர்லியின் சுருளோ முற்றிலும் வேறோர் அலகினால் வந்தது. அடுத்தடுத்த மாவட்டங்களில் பத்து ஆண்டு இடைவெளியில் தோன்றியிருந்தும், இரண்டுக்கும் உறவே இல்லை.

அப்படியானால் கேர்லியின் நேர் மயிர்த் தாயிடமும் அந்தச் சுருள் அலகு ஒளிந்திருக்க வேண்டும். அவள் அந்தச் சுரங்கத்துக் கடுவனின் மகளாகவோ நெருங்கிய உறவாகவோ இருந்திருப்பாள் என்பது வளர்ப்போர் கொண்ட முடிவு. கேர்லியை அதன் மகளுடன் சேர்த்தபோது சுருள் மயிர்க் குட்டிகள் பிறந்தன. கேர்லியின் சுருள் அதற்கே உரிய தனிச் சுருள் என்பது உறுதியாயிற்று.

அன்று வளர்ப்போர் கண்ணால் பார்த்துக் கணித்ததை அரை நூற்றாண்டுக்குப் பின் ஆய்வுகூடம் மெய்ப்பித்தது. டெவன் பூனைகளின் சுருளுக்குக் காரணமான அலகு 2010 இலும், கோர்ண்வோல் பூனைகளின் அலகு 2013 இலும் அடையாளம் காணப்பட்டன. இரண்டும் வெவ்வேறு. மயிரே இல்லாத ஸ்பிங்ஸ் பூனைகளிலும் கேர்லியின் அதே அலகுதான் வேறு விதமாக மாறியிருக்கிறது என்பது இன்னொரு புதினம்.

கண்காட்சி மேடையில்

நவீன பூனைக் கண்காட்சி 1871 யூலை 13 இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் ஆரம்பமானது. அதை ஒழுங்கு செய்தவர் ஹரிசன் வெயர் என்ற ஓவியர். அதன் பின் பிரித்தானியாவில் ஒரு மரபு வளர்ந்தது. பூனைகளை வாசலிலேயே மிருக வைத்தியர் சோதிப்பார். பின்னர் இலக்கமிட்ட கூடுகளில் விடுவார்கள். விரிப்பு வெள்ளை, தண்ணீர்க் கிண்ணம் வெள்ளை, கழிவுத் தட்டும் வெள்ளை. யாருடைய பூனை என்று அறிய எந்த அடையாளமும் இருக்கக் கூடாது. மதிப்பிடும் வேளையில் சொந்தக்காரர்கள் மண்டபத்தைவிட்டு வெளியேற வேண்டும். பணக்காரரின் பூனையா, ஏழையின் பூனையா என்று நடுவருக்குத் தெரியாது. நல்ல ஏற்பாடுதான்!

மூன்று வெவ்வேறு நடுவர்களிடம் தகுதிச் சான்றிதழ் பெற்ற பூனைக்குச் சாம்பியன் பட்டம் கிடைக்கும். ஆனால் அங்கீகாரம் பெற்ற இனத்துக்கே அது பொருந்தும். கேர்லியின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதற்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தன. 1967 இல் கோர்ணிஷ் ரெக்ஸ், டெவன் ரெக்ஸ் என இரண்டு தனித்தனி இனங்களாக அவை ஏற்கப்பட்டன.

டெவன் ரெக்ஸ் பூனையின் தோற்றமே சிரிப்பை வரவழைக்கும். முகம் ஆப்பு வடிவம், கண்கள் பெரியவை. காதுகள் வௌவாலின் காது போல அகன்று, தலையில் தாழ அமைந்திருக்கும். மீசை மயிர் இலகுவில் முறியும். தோளில் ஏறி உட்காருவதும், சொந்தக்காரர் பின்னாலேயே அறைக்கு அறை திரிவதும் அதன் வழக்கம். மயிர் குறைவாதலால் குளிர் தாங்காது. இவ்வினம் ஒவ்வாமை ஏற்படுத்தாது என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. ஒவ்வாமைக்குக் காரணமான புரதம் முக்கியமாகப் பூனையின் உமிழ்நீரிலும் தோலிலும் இருக்கிறது.

ஒரே தகப்பனின் விலை

உலகில் எங்கு டெவன் ரெக்ஸ் பூனை இருந்தாலும் அதன் வம்சாவளி கேர்லியில் போய் முடியும். இது பெருமைதான், ஆனால் இதற்கொரு விலையும் உண்டு. நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்தால் மறைந்திருக்கும் குறைகளும் வெளியே வரும். இவ்வினத்தில் தசைகள் பலவீனமடையும் பரம்பரை நோய் ஒன்று காணப்பட்டது. இன்று அதற்குப் பரிசோதனை இருக்கிறது.

இன்னொன்று இரத்த வகை. டெவன் பூனைகளில் பி வகை இரத்தம் மற்றைய பூனைகளைவிட அதிகம். பி வகைத் தாய்க்கு ஏ வகைத் தகப்பனால் ஏ வகைக் குட்டி பிறந்தால், தாயின் சீம்பாலே குட்டிக்கு நஞ்சாகலாம். அந்தப் பாலில் உள்ள எதிர்ப்புப் பொருள் குட்டியின் இரத்தத்தை அழித்துவிடும். நன்றாகப் பால் குடித்த குட்டிகள் ஏன் இரண்டொரு நாளில் சாகின்றன என்று புரியாமல் வளர்ப்போர் தவித்த காலம் இருந்தது. இப்போது சேர்க்கைக்கு முன்னரே இரத்தம் பார்க்கிறார்கள். தேவையானால் முதல்நாள் முழுவதும் குட்டிகளுக்கு வேறு பால் கொடுக்கிறார்கள். வேறு இனங்களுடன் இடையிடையே சேர்த்துப் புது இரத்தமும் கலந்திருக்கிறார்கள்.

கேர்லிக்கு அதன் வேலை முடிந்ததும் ஓய்வு கிடைத்தது. காயடிக்கப்பட்டு, மீண்டும் ஒரு வீட்டின் செல்லப் பூனையாக வாழ்ந்தது. 1970 இல் வீதியில் வாகனம் மோதி இறந்து போனது.

சாம்பியன் பட்டங்கள், வெள்ளை விரிப்புகள், ஆய்வுகூட முடிவுகள் எல்லாம் பின்னால் வந்தவை. வளவின் மூலையில் வந்து ஒதுங்கிய தெருப்பூனை ஒன்றை ஒரு பெண்மணி துரத்தாமல் விட்டதே முதலில் நடந்தது. அன்று அவர் ஒரு தடியை எடுத்திருந்தால் டெவன் ரெக்ஸ் என்றோர் இனமே இருந்திருக்காது.