உருகுற எழுத்து: ஒரு ஃபான்ட்டுக்குள்ள ஆர்க்டிக் கடல்

இயற்கையை வெச்சு ஃபான்ட் டிசைன் பண்றதுன்னா, எழுத்தைச் சுத்தி கொடியும் இலையும் வரையுறதுதான் பலருக்கு ஞாபகம் வரும். பின்லாந்தின் ஹெல்சிங்கின் சனோமாத் நாளிதழ் 2021-ல வெளியிட்ட 'கிளைமேட் கிரைசிஸ்' ஃபான்ட்ல இயற்கை டேட்டாவா உள்ள வருது.

இது ஒரு வேரியபிள் ஃபான்ட். ஒவ்வொரு எழுத்தின் ஓரக்கோடும் புள்ளிகளால் ஆனது. டிசைனர் சில நிலைகளை மட்டும் வரைவார். இடைப்பட்ட வடிவங்களை சாஃப்ட்வேர் கணக்குப் போட்டுக்கும். ஒரு நிபந்தனை: எல்லா நிலையிலும் புள்ளிகளின் எண்ணிக்கை ஒண்ணா இருக்கணும். அதனால எழுத்தை உருக வைக்கணும்னா புள்ளியை அழிக்க முடியாது, நகர்த்தத்தான் முடியும்.

வழக்கமா ஸ்லைடர்ல தடிமனை மாத்துவோம். இங்கே மாத்துறது வருஷத்தை. செயற்கைக்கோள் அளவீடு தொடங்கின 1979-ல எழுத்து நல்லா குண்டா இருக்கும். 2019 வரை ஆர்க்டிக் கடல்பனியின் உண்மையான அளவு, அதுக்கப்புறம் ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் கணிப்பு. 2050-ல 1979-ல இருந்த பனிப்பரப்பில் 30 சதவீதம்தான் மிச்சம். எழுத்தும் கரைஞ்சு, வாசிக்கவே திணறுவோம். அந்தத் திணறல்தான் டிசைனோட நோக்கம். அதனால இது தலைப்புக்கு மட்டும். பத்தி முழுக்கப் போட்டா தாங்காது.

கூகுள் ஃபான்ட்ஸ்ல இலவசமா கிடைக்குது. தமிழ் எழுத்து இல்ல, உங்க பேரை ஆங்கிலத்துல அடிங்க. பொறந்த வருஷத்துல இருந்து 2050 வரை மெதுவா நகர்த்துங்க. அப்போ உங்களுக்கு என்ன வயசுன்னும் கணக்குப் போட்டுப் பாருங்க.