கத்தரி எங்கப்பா?

142 கிராம் டூல்... ஆம்பூர் டு காட்பாடி ஒரு டெஸ்ட் டிரைவ்!

துபாயில் இருக்கும் பெரியப்பா பையன் லீவுக்கு வந்தா, எங்க வீட்டில் பெட்டி திறக்கிறது ஒரு திருவிழா. பேரீச்சம்பழம், சென்ட் பாட்டில், அம்மாவுக்கு டார்ச் லைட்... கடைசியா அண்ணன் என் கையில் ஒரு சின்ன டப்பாவைத் திணிச்சாரு. ‘‘இன்ஜினீயர் ஆகப் போறவன்ல... வெச்சிக்க!’’

திறந்தா ‘லெதர்மேன் ஸ்கெலிடூல்’!

எத்தனையோ ராத்திரி தூக்கத்தைக் கெடுத்து செல்போனில் நான் பார்த்து ஏங்கினது இந்தக் கம்பெனியோட மல்டி டூல்களைத்தான். ஆனா, நான் கனவு கண்டது ‘வேவ்’ங்கிற மாடல். ரெண்டு கத்தி, ரம்பம், அரம், கத்தரினு மொத்தம் 18 அயிட்டம். எடை 241 கிராம். என் கையில் இருந்ததோ வெறும் 142 கிராம். கைப்பிடி முழுக்க ஓட்டை ஓட்டையா, பேருக்கு ஏத்த மாதிரி எலும்புக்கூடுதான். ஒரு கட்டிங் பிளேயர், ஒரு கத்தி, பிட் மாத்துற ஸ்க்ரூ டிரைவர், இடுப்பில் மாட்டுற கொக்கி. அந்தக் கொக்கியே சோடா மூடி திறக்கவும் ஆகும். அவ்ளோதான், கதை முடிஞ்சது!

முகம் தொங்கிப்போச்சு. அப்ப அம்மா எட்டிப் பார்த்து கேட்டாங்க பாருங்க ஒரு கேள்வி... ‘‘ஏம்பா, இதுல கத்தரி எங்கப்பா?’’

அதே கேள்விதான் எனக்கும்! விடை கிடைக்க ஒரு மாசம் ஆச்சு. அந்த ஒரு மாச கதைதான் இது.

ஒரு மெக்கானிக்கல் பையனின் கதை

‘லெதர்மேன்’னா தோல்காரர். தோல் ஊரான ஆம்பூருக்கு இதைவிடப் பொருத்தமான பேர் கிடைக்குமா? ஆனா, அந்தப் பேருக்கும் தோலுக்கும் சம்பந்தமே இல்லை. அது கண்டுபிடிச்சவரோட குடும்பப் பேர்: டிம் லெதர்மேன். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்துக்காரர். நம்மைப் போல மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படிச்சவர்.

1975-ல் மனைவியோட ஐரோப்பா டூர் போனார். ஆம்ஸ்டர்டாமில் 300 டாலருக்கு ஒரு பழைய ஃபியட் கார் வாங்கினார். அந்த விலைக்குக் கிடைக்கிற கார் எப்படி இருக்கும்? வழியெல்லாம் மக்கர்! பாக்கெட்டில் இருந்த சின்ன கத்தி எல்லாத்துக்கும் உதவுச்சு. ஒண்ணைத் தவிர... பிடிச்சுத் திருக ஒரு பிளேயர் இல்லை. ‘கத்தியோட பிளேயரையும் சேர்த்தா என்ன?’னு பொறி தட்டுச்சு.

ஊருக்குத் திரும்பினதும், ‘ஒரு மாசத்தில் முடிச்சிடுவேன்’னு உட்கார்ந்தார். ஆனது சில வருஷம். 1980-ல் பேட்டன்ட் கிடைச்சது. ஆனா வாங்க ஆள் இல்லை. கத்தி கம்பெனிக்குப் போனா ‘இது டூல்’னான். டூல் கம்பெனிக்குப் போனா ‘இது விளையாட்டுச் சாமான்’னான். அரியர் வெச்ச நமக்கே இவ்ளோ அலைச்சல் கிடையாது பாஸ்! கடைசியில் நண்பரோட சேர்ந்து சொந்தமா கம்பெனி தொடங்கினார். 1983-ல் முதல் டூல் விற்பனைக்கு வந்தது. வருஷத்துக்கு 4,000 போகும்னு கணக்குப் போட்டாங்க. முதல் வருஷமே கிட்டத்தட்ட 30,000 போச்சு!

அடுத்தடுத்த மாடல்களில் அயிட்டங்கள் கூடிக்கிட்டே போச்சு. அதுக்கு நேர் எதிர் திசையில் 2007-ல் வந்ததுதான் என் கையில் இருக்கிற ஸ்கெலிடூல். ‘இன்னும் என்ன சேர்க்கலாம்?’னு யோசிக்காம, ‘எது இல்லாம சமாளிக்கலாம்?’னு யோசிச்ச டூல்.

சரி, பேப்பரில் நல்லாத்தான் இருக்கு. ஃபீல்டில் எப்படி?

ரயில் கேங் சொன்னது...

காலையில் ஆம்பூரில் ஏறி காட்பாடியில் இறங்குற எங்க கேங் பெருசு. பச்சகுப்பம், மேல்பட்டி, வளத்தூர்னு ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஆள் கூடும். குடியாத்தம் வந்தா மூச்சு விட இடம் இருக்காது. முதல் நாளே டூலைப் பெருமையா எடுத்து விட்டேன்.

‘‘மச்சான், இதுல பாதியை எலி கடிச்சிருச்சாடா?’’ - ஓட்டைகளைப் பார்த்து ஒருத்தன்.

‘‘எனக்கு மூக்குக் கண்ணாடி ஸ்க்ரூ லூஸ். டைட் பண்ணு பார்ப்போம்’’ - இன்னொருத்தன். பிட் பெருசு, ஸ்க்ரூ சிறுசு. உள்ளேயே போகலை. மானம் போச்சு!

லத்தேரி தாண்டும்போது ஒரு தோழியோட பேக் ஜிப் வாயைப் பிளந்துச்சு. ரன்னர் ஓடுது, பல்லு மட்டும் சேரலை. உள்ளே லேப்டாப். ‘‘ஒரு நிமிஷம்’’னு வாங்கி, ரன்னரோட ரெண்டு பக்கத்தையும் பிளேயர் நுனியால் பூ மாதிரி அழுத்தினேன். தேய்ஞ்சு அகண்டு போன ரன்னர் இறுகினா, பல்லு மறுபடி சேரும். சர்ர்ர்னு மூடுச்சு! கைதட்டலில் காட்பாடி வந்ததே தெரியலை.

‘‘எலி கடிச்ச டூல் பரவாயில்லடா’’ - அதே முதல் ஆள்.

அக்காவின் குட்டி கத்தி

வேலூரில் நர்ஸிங் படிக்கிற பக்கத்து வீட்டு அக்காவும் ஒரு ‘மல்டி டூல் ஓனர்’னு அப்பதான் தெரிஞ்சது. அவங்க சாவிக்கொத்தில் தொங்குறது விக்டோரினாக்ஸ் ‘கிளாஸிக்’. 58 மில்லிமீட்டர் நீளம். சுமார் 21 கிராம் எடை. சின்ன கத்தி, கத்தரி, நகம் தேய்க்கிற அரம், முள் எடுக்கிற சாமணம், பல்குச்சி... அவ்வளவும் அதுக்குள்ளே!

இதுக்கும் ஒரு பழைய கதை உண்டு. கார்ல் எல்ஸனர்ங்கிற ஸ்விட்சர்லாந்துக்காரர் 1884-ல் பட்டறை தொடங்கி, 1891-ல் அந்த நாட்டு ராணுவத்துக்குக் கத்தி செஞ்சு கொடுக்க ஆரம்பிச்சார். நாம ‘ஸ்விஸ் நைஃப்’னு சொல்ற வம்சம் அங்கேர்ந்துதான் வருது.

‘‘பரிசா வந்தப்ப பொம்மைன்னு நினைச்சேன். ஒரு வாரம் எடுக்கவே இல்லை’’னு சிரிச்சாங்க அக்கா. ‘‘இப்ப அந்தக் கத்தரி இல்லாம எனக்கு நாளே ஓடாது. நூல், பிளாஸ்திரி, மாத்திரை அட்டைன்னு எல்லாத்துக்கும் அதான். உன்னோடதுல கத்தரி இல்லையா? அப்ப எனக்கு வேஸ்ட்!’’

பார்றா... எனக்குப் பிளேயர் ஹீரோ, அவங்களுக்குக் கத்தரி ஹீரோ. ‘தேவையில்லாததை நீக்குறது’னு சொல்றோமே, யாருக்குத் தேவையில்லாததுங்கிறதுதான் அங்கே கேள்வி!

மெக்கானிக் பாய் டெஸ்ட்

அம்மா வேலை பார்க்கிற ஷூ கம்பெனியில் தையல் மெஷின்களைப் பார்த்துக்கிறவர் எங்க தெரு மெக்கானிக் பாய். டூல்னா அவர்தான் எங்க ஏரியா சுப்ரீம் கோர்ட். கம்பெனிக்கு எதிரே டீக்கடையில் பிடிச்சேன்.

வாங்கினதும் கத்தியைத் திறக்கலை. பிளேயரை மூடி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிச்சார். ரெண்டு நுனியும் சரியா சேருதா, நடுவில் வெளிச்சம் கசியுதானு பார்த்தார். அப்புறம் ஜாயின்ட்டை ஆட்டிப் பார்த்தார். ‘‘ஆட்டம் இல்ல. நல்ல சாமான். ஆனா தம்பி, நட்டு கழட்ட இதை எடுக்காத. பிளேயர் நட்டோட மூலையைத் தின்னுடும். அப்புறம் ஸ்பேனரும் பிடிக்காது.’’

‘‘நீங்களே ஒண்ணு வாங்கி வெச்சிக்கலாமே பாய்?’’

‘‘உள்ள விடமாட்டாங்கப்பா!’’

ஏன்னு விளக்கினார். ஏற்றுமதி ஆர்டர் எடுக்கிற இடங்களில் ஊசி, கத்தி விஷயத்தில் கெடுபிடி அதிகம். தைக்கும்போது ஒரு ஊசி உடைஞ்சா, எல்லாத் துண்டையும் தேடிப் பொறுக்கி, சேர்த்து வெச்சுக் கணக்குக் காட்டணும். அதுக்கு அப்புறம்தான் புது ஊசி. துண்டு கிடைக்கலைனா, அந்த இடத்தில் இருந்த ஷூவையெல்லாம் சலிச்சுப் பார்க்கணும். எங்கேயோ ஒரு நாட்டில் ஒரு குழந்தை காலை நுழைக்கும்போது அந்த முனை குத்திடக் கூடாது இல்லையா?

‘‘அங்க ஒரு ஊசி நுனிக்குக்கூட கணக்கு இருக்கு தம்பி. உங்கம்மாவைக் கேளு, சொல்லுவாங்க’’னு டீயை முடிச்சிட்டுப் போனார்.

அம்மாவைக் கேளு... எனக்கு சுருக்னு இருந்துச்சு. நான் பிறக்கிறதுக்கு முன்னாடியிலேர்ந்து அம்மா ஷூ கம்பெனிக்குப் போறாங்க. என் ஃபீஸ், பஸ் பாஸ், இந்த ரயில் சீசன் எல்லாம் அங்கேர்ந்து வந்ததுதான். ஓரிகன்காரரோட பேட்டன்ட் வருஷம் எனக்கு மனப்பாடம். அம்மா அங்கே என்ன வேலை செய்றாங்கனு மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்னிக்கு ராத்திரி...

சாப்பிட்டு முடிச்சதும் கேட்டேன். அம்மா முதல்ல நம்பலை. ‘‘என்னடா திடீர்னு? பரீட்சைக்கு வருமா?’’

அப்புறம் சொன்னாங்க. அவங்க ஓட்டுறது ஸ்கைவிங் மெஷின். ஷூவோட மேல்பாகம் பல துண்டுத் தோலைச் சேர்த்துத் தைக்கிறது. ஒரு துண்டு மேல இன்னொண்ணை வெச்சுத் தைச்சா, அந்த இடம் ரெண்டு மடங்கு தடிமன் ஆயிடும். அதனால தைக்கிறதுக்கு முன்னாடி, ஓரத்தை மட்டும் மெல்லிசா சீவணும். குழாய் மாதிரி வட்டமா இருக்கிற கத்தி சுத்திக்கிட்டே இருக்கும். தோலோட ஓரத்தை அதில் கொடுத்து வளைச்சு வளைச்சு ஓட்டணும். கத்தி மழுங்காம இருக்க மெஷினிலேயே சாணைக்கல் இருக்கு.

‘‘கம்மியா சீவினா தையல் மொத்தமாயிடும், கால்ல அழுத்தும். அதிகமா சீவினா நூல் இழுக்கும்போதே தோல் பிஞ்சிடும். எங்க நிறுத்தணும்னு விரலுக்குத் தெரியணும்பா. மெஷினுக்குத் தெரியாது.’’

சொல்லிக்கிட்டே என் டூலைக் கையில் எடுத்தாங்க. கைப்பிடி ஓட்டைகளில் கட்டை விரலை ஓட்டிப் பார்த்தாங்க. பிளேயரைச் சேர்க்கிற ஜாயின்ட்கிட்ட விரல் நின்னுச்சு. அங்கே மட்டும் ஓட்டை இல்லை. இரும்பு கனமா அப்படியே இருக்கு. அழுத்தம் முழுக்க விழுற இடம் அது.

‘‘இதையும் யாரோ நல்லா சீவியிருக்காங்க’’னாங்க அம்மா.

மூணு வருஷமா ‘டிசைன்’, ‘ஸ்ட்ரெஸ்’, ‘ஆப்டிமைசேஷன்’னு பக்கம் பக்கமா எழுதி மார்க் வாங்கினவன் நான். அத்தனையையும் ஒரே வரியில் சொல்லிட்டு, அம்மா பாத்திரம் கழுவப் போயிட்டாங்க!

வாங்கப் போறீங்களா மக்களே?

* முதல்ல ஒரு வாரம் நோட் பண்ணுங்க: எதை அடிக்கடி அடுத்தவன்கிட்ட இரவல் கேட்கிறீங்க? கத்தரியா, பிளேயரா, ஸ்க்ரூ டிரைவரா? அது இருக்கிற மாடலே உங்களுக்குப் போதும்.

* கடையில் பாய் டெஸ்ட் பண்ணுங்க. நுனி சேரணும், ஜாயின்ட் ஆடக் கூடாது.

* கைப்பிடி வெறும் இரும்பு. கரன்ட் ஓடுற ஒயர், ஸ்விட்ச் போர்டு பக்கம் கொண்டுபோகவே கூடாது. ஷாக் அடிக்கும்!

* விமானத்தில் கைப்பையில் வெச்சா செக்கிங்கில் போயே போச்சு. செக்-இன் பெட்டியில்தான் போடணும். இந்தத் தலைவலிக்காகவே, கத்தி இல்லாத பாக்கெட் டூல் தயாரிக்கிறதா 2024-ல் விக்டோரினாக்ஸ் அறிவிச்சது.

* காலேஜ், ஹாஸ்டல் ரூல் என்னனு கேட்டுக்குங்க. கத்தி கத்திதான், சீன் போடுற அயிட்டம் இல்லை.

* பல ஆயிரம் ரூபாய் சமாசாரம் இது. கடன் வாங்கி வாங்குற அளவுக்கு வொர்த்தானு கேட்டா... நம்ம ஊர் ஹார்டுவேர் கடையில் ஒரு நல்ல கட்டிங் பிளேயரும் ஸ்க்ரூ டிரைவரும் இதில் சின்ன பங்கு விலைக்கே கிடைக்கும். பாக்கெட்டில் அடங்காது, ஆனா வேலை செய்யும்!

இப்போ ‘வேவ்’ ஆசை போயிடுச்சானு கேட்காதீங்க, கொஞ்சம் இருக்கு. ஆனா 142 கிராம் எப்பவும் பாக்கெட்டில் இருக்கு. 241 கிராம் பெரும்பாலும் அலமாரியில்தான் இருந்திருக்கும்.

போன ஞாயித்துக்கிழமை பிரியாணி தயாராகுற நேரம். குக்கர் கைப்பிடி லொடலொடனு ஆட, அடுப்படியில் இருந்து அம்மா குரல்...

‘‘டேய்... அந்த எலும்புக்கூடு எங்கப்பா?’’